சௌத்தான் ரோட்டு ஊரில் கரண்டும் தண்ணீரும்

ரங்கூனிலிருந்து எங்கள் ஊருக்குப் போக முதலில் பெகு ஆற்றைத் தாண்ட வேண்டும். 1993-இல் பாலம் வந்தது; அதற்கு முன் படகுதான். பாலத்துக்கு அந்தப் பக்கம் தன்லின். நம் பெரியவர்களுக்கு அது இன்னும் சிரியம்தான். அங்கிருந்து சௌத்தான் ரோட்டில் தெற்கே போனால் இரண்டு பக்கமும் வயல். ஓர் இடத்தில் மண்பாதையில் திரும்பி உள்ளே போனால் எங்கள் ஊர். நூறு வீடுகூடத் தேறாது. பாதிக்கு மேல் தமிழ் வீடு, மீதி பர்மியரும் கரேன் இனத்துக்காரர்களும். பங்குனியில் போய் இருந்துவிட்டு வந்தேன். சிங்கப்பூர், மலேசியா, வியாசர்பாடி என்று பிரிந்து கிடக்கிற உறவுக்காரர்கள் எல்லோரும் "இப்ப ஊரு எப்படி இருக்கு, போகலாமா?" என்றுதான் கேட்கிறார்கள்.

போகலாம். நகரத்துப் பேருந்தில் தன்லின் சந்தை வரை வந்துவிடலாம். அதற்கு அப்புறம் மூன்று சக்கர மோட்டார் வண்டி. பின்னால் மூட்டையோடு மூட்டையாக உட்கார வேண்டும். பெட்ரோல் விலை ஏறும் நாளில் கூலியும் ஏறும், அதில் பேரம் பேசிப் பயனில்லை. ஓட்டுகிறவர்கள் நம் பையன்கள்தான். வயது பதினெட்டு முதல் முப்பத்தைந்துக்குள் இருக்கிறவன் இருட்டிய பிறகு வண்டி எடுக்கத் தயங்குகிறான். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்ததிலிருந்து இப்படி. அதனால் பகலிலேயே ஊருக்குள் போய்விடுங்கள்.

போனதும் முதல் வேலை, ஊர்த் தலைவர் வீட்டுக்குப் போய் விருந்தாளிப் பதிவு செய்வது. இடையில் 2016-இல் இந்த வழக்கத்தை நீக்கியிருந்தார்கள். 2021 பிப்ரவரியில் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். என்னிடம் பர்மா பாஸ்போர்ட் இருந்ததால் அடையாள அட்டையைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான். என் மனைவியிடம் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட் என்பதால் ஊரில் இரவு தங்க முடியவில்லை. அவள் இரவில் ரங்கூன் ஹோட்டல், பகலில் ஊர் என்று அலைந்தாள். அத்தைக்கு இதில் பெரிய வருத்தம். "மருமக வந்து ஒரு ராத்திரி படுக்க முடியலையே" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கரண்ட் வரும்போது வரும். அட்டவணை என்று ஒன்று சொல்கிறார்கள், ஆனால் வரும் நேரமும் போகும் நேரமும் அதோடு ஒத்துப்போவதை நான் பார்க்கவில்லை. கரண்ட் வந்தால், நடுராத்திரியாக இருந்தாலும், ஊரே எழுந்துகொள்கிறது. மோட்டார் போடுகிறார்கள், ரைஸ் குக்கரில் சோறு வைக்கிறார்கள், எல்லா போனையும் சார்ஜில் போடுகிறார்கள். வசதி உள்ளவர்கள் கூரையில் சோலார் பலகையும் சீன பேட்டரியும் வைத்திருக்கிறார்கள். இல்லாதவர்கள் பக்கத்து வீட்டில் போனைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். இத்தனைக்கும் 2015-இல் தொடங்கிய திலாவா தொழிற்பேட்டை அதிகத் தூரத்தில் இல்லை. இரவில் அந்தப் பக்கத்து வானம் வெளுத்துக் கிடக்கும்.

போன் விஷயம் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிம் கிடைக்கும், டவர் கரண்டைப் பொறுத்தது, பேஸ்புக் 2021-இலிருந்து தடை. வைபர் செயலியில் பேசுங்கள். பணம் எல்லாம் போன் வழியாகத்தான் ஓடுகிறது. கையில் நோட்டு வேண்டுமென்றால் ஏஜெண்ட் கடையில் கழிவு கொடுத்து வாங்க வேண்டும். டாலர் கொண்டு போனால் மடிப்பு இல்லாத புது நோட்டாகப் பாருங்கள். அரசு 2022-இல் டாலருக்கு 2,100 கியாட் என்று வைத்தது. 2024-இல் வெளியில் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலே போய்விட்டது.

தண்ணீர்தான் பெரிய கதை. இந்தப் பக்கம் கடல் கிட்ட. கோடையில் கிணறு உப்புக் கரிக்கும். எங்கள் ஊருக்குக் குடிக்க இருப்பது ஒரே ஒரு மழைக்குளம். வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். ஆடு மாடு இறங்கக் கூடாது, யாரும் கால் கழுவக் கூடாது. பங்குனியில் தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கிவிடுகிறது. அப்போது வீட்டுக்கு இத்தனை வாளி என்று கணக்கு வந்துவிடும். திஞ்ஞான் என்கிற பர்மியப் புத்தாண்டுச் சமயத்தில் பர்மியப் புண்ணியவான்கள் லாரியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிவிட்டுப் போகிறார்கள். சாதி மதம் கேட்பதில்லை, வரிசையில் பானையை வைத்தால் போதும்.

குளத்தின் ஒரு பக்கக் கரை சரிந்திருக்கிறது. அடியில் சேறு ஏறிவிட்டதால் மழைக்காலத்தில் நிரம்பினாலும் முன்னைப்போல் தாங்குவதில்லை. அதே ஊரில் மாரியம்மன் கோயில் கோபுரத்துக்குப் புது வர்ணம் அடித்திருக்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது, நம் பணம்தான். கோயில் கமிட்டியில் இருக்கிற சித்தப்பாவிடம் கேட்டேன். "கோபுரத்துக்குன்னா கேட்ட உடனே அனுப்புறீங்க. குளத்துக்குன்னா யோசிக்கிறீங்க. கரையில உபயம்னு பேரு எழுத முடியாதுல்ல" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. சாமி காரியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த அம்மனுக்குக் கூழ் காய்ச்சுவதும் இந்தக் குளத்துத் தண்ணீரில்தான்.

வைத்தியம் என்றால் ஊரில் ஒரு செவிலியம்மா இருக்கிறார். பிரசவம், தடுப்பூசி, காய்ச்சல் வரை பார்ப்பார். அதற்கு மேல் தன்லின், அல்லது ஆற்றைத் தாண்டி ரங்கூன். ஆம்புலன்ஸ் நாலைந்து ஊர்க்காரர்கள் சேர்ந்து காசு போட்டு வாங்கிய பழைய வேன். பர்மியர், தமிழர், கரேன் எல்லோரும் அதில் உண்டு. நோயாளிக்கும் அதுதான், சாவுக்கும் அதுதான், கூலி கேட்பதில்லை. கொடுப்பதை உண்டியலில் போடலாம். 2021 ஜூலையில் கொரோனாவில் ஆக்சிஜனுக்கு நாடே வரிசையில் நின்றபோது இந்த வேன்தான் சிலிண்டர் தேடி அலைந்தது. நான் பார்த்தவற்றில் சொன்ன நேரத்துக்கு வந்த ஒரே சேவை இதுதான்.

தமிழ்ப் படிப்பு ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் நடக்கிறது. 1965-இல் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டதிலிருந்து இதுதான் வழி. பிள்ளைகள் தங்களுக்குள் பர்மியத்தில்தான் பேசிக்கொள்கிறார்கள், தேவாரம் மட்டும் தடங்கல் இல்லாமல் வருகிறது.

தீமிதி பார்க்க வருகிறவர்கள் பீலிக்கான் கோயிலுக்கும் போய்விட்டு வாருங்கள். முனீஸ்வரர் முன்னால் பர்மியர்கள் புதுக் காரைக் கொண்டுவந்து நிறுத்திப் பூஜை போடுவதைப் பார்க்கவே ஒரு நாள் போகலாம்.

குளத்துக்கு வருகிறேன். தூர் வாருவதென்றால் வைகாசி மழை பிடிப்பதற்குள் முடிக்க வேண்டும். அதற்கு அப்புறம் பேக்ஹோ வண்டி மண்பாதையில் இறங்காது. சித்தப்பா கோயில் கணக்கோடு சேர்க்காமல் தனி நோட்டுப் போட்டிருக்கிறார். அதில் இரண்டு கரேன் வீட்டுப் பெயரும் செவிலியம்மா பெயரும் ஏற்கெனவே இருக்கின்றன. நம்மில் அனுப்ப நினைக்கிறவர்கள் சித்திரை பிறப்பதற்குள் அனுப்புங்கள், எதற்கு என்பதையும் சொல்லி அனுப்புங்கள். சொல்லாமல் வருகிற காசு கோபுரத்துக்குத்தான் போகும்.