டைப்பிங் கடையும் ‘ஒப்ளைஜ்’ என்ற வினையும்

நாகர்கோவிலில் கலெக்டர் அலுவலகத்தை நம்பிப் பிழைக்கும் ஜாப் டைப்பிங் கடைகளில் ஒன்றைப் பற்றியது இது. பெயர் வேண்டாம். தமிழ் மனு என்றால் கண்ணை மூடிக்கொண்டு இங்கே போகலாம். கோப்பில் துளை போட இடப்பக்கம் ஒன்றரை இஞ்ச் விடுகிறார்கள், சர்வே எண்ணை வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்கிறார்கள், திருத்தத்துக்குத் தனிக்காசு வாங்குவதில்லை. சிக்கல் ஆங்கிலக் கடிதத்தில்தான், அதிலும் குறிப்பாக ஒரே ஒரு வினைச்சொல்லில்.

கவுண்டரில் நிற்பவர் “அண்ணாச்சி, ஒரு உபகாரம் கேட்டு எழுதணும்” என்று சொன்னாலும் சரி, “அவங்க கட்டாயம் தந்தே ஆகணும்” என்று சொன்னாலும் சரி, விசைப்பலகையில் விழுவது ‘ஒப்ளைஜ்’ (oblige)தான். அந்தச் சொல்லுக்கு இரண்டு வேலையும் உண்டு என்பது உண்மை. அதன் வேர் லத்தீன் ‘லிகாரே’, அதாவது கட்டுதல். முழங்காலில் அறுந்துபோகும் லிகமெண்ட்டும் (எலும்புகளைக் கட்டிவைக்கும் நார்) அதே வேர்தான். சட்டம் கட்டினால் கடமை, உதவி கட்டினால் நன்றி. தமிழில் ‘கடமைப்பட்டிருக்கிறேன்’ என்பதும் இப்படி இரண்டு பக்கமும் பேசும் என்பதால், நம்மவர்களுக்கு வேறுபாடு சட்டென்று உறைப்பதில்லை.

பரிசோதனை எளிது. ‘ஒப்ளைஜ்ட் டு’ என்பதற்கு அடுத்து ஆள் வந்தால் நன்றி: ‘ஐ ஆம் ஒப்ளைஜ்ட் டு யூ ஃபார் யுவர் ஹெல்ப்’. வினை வந்தால் கட்டாயம்: ‘யூ ஆர் ஒப்ளைஜ்ட் டு பே’. உதவி கேட்க இந்த இரண்டுமே ஆகாது. ‘ஐ வுட் பி ஒப்ளைஜ்ட் இஃப் யூ குட்’ (நீங்கள் செய்தால் நன்றியுள்ளவனாவேன்) என்று தொடங்க வேண்டும். ‘வுட்’, ‘இஃப்’ இரண்டில் ஒன்று விழுந்தாலும் கேட்கும் தொனி கெட்டுவிடும்.

அந்தக் கடையில் அடித்த ஒரு கடிதம். வளைகுடாவில் வேலை முடித்துத் திரும்பிய குளச்சல்காரர் ஒருவர் பழைய கம்பெனிக்கு எழுதுகிறார். கேட்பது அனுபவச் சான்றிதழும் நிலுவைச் சம்பளமும். முதல் பத்தியில் ‘யூ ஆர் ஒப்ளைஜ்ட் டு ஹெல்ப் மீ வித் த சர்ட்டிஃபிகேட் அர்ஜென்ட்லி’. இரண்டாவதில் ‘ஐ வுட் பி ஒப்ளைஜ்ட் இஃப் யூ குட் பே மை சாலரி’. இரண்டும் அப்படியே இடம் மாறிக் கிடக்கின்றன. அவசரமாக உதவுங்கள் என்று தணிந்து கேட்க வேண்டிய இடத்தில் ‘நீ கட்டுப்பட்டவன்’ என்கிறது. உழைத்த கூலியைக் கேட்கும் இடத்தில், மனமிருந்தால் போடுங்கள் என்கிறது. ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவு என்று குறித்து ‘யூ ஆர் ஒப்ளைஜ்ட் டு பே’ என்று அடித்திருக்க வேண்டியது இரண்டாம் பத்தியில். ஸ்பெல் செக் இதைப் பிடிக்காது. எழுத்துப் பிழையே இல்லையே!

இன்னொன்று கடன் கடிதம். வாடிக்கையாளர் சொன்னது, “முழுசும் கட்டத் தயார், ஆனா வட்டிக் கணக்கு தப்பு.” அடித்தது, ‘ஐ ஆம் ஒப்ளைஜ்ட் டு பே த ஃபுல் அமவுண்ட்’. தயார் என்பது ‘வில்லிங்’. இவர்கள் எழுதியதோ முழுத்தொகைக்கும் நானே பொறுப்பு என்ற ஒப்புதல். அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு வட்டியைத் தகராறு செய்யப் போனால், எதிர்தரப்பு இந்தக் காகிதத்தைத்தான் எடுத்து நீட்டும்.

மறுதலைக்கும் கவனம் வேண்டும். ‘நாட் ஒப்ளைஜ்ட் டு’ என்றால் ‘கூடாது’ அல்ல, ‘கட்டாயமில்லை’. வேலை ஒப்பந்தத்தைத் தமிழில் விளக்கிச் சொல்லும்போது கடைக்காரர் இந்த இடத்தில் சறுக்குகிறார்.

கடைசியாக, எல்லாக் கடிதத்துக்கும் ஒட்டும் அந்த வால்: ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல் அண்ட் ஒப்ளைஜ்’, அதாவது ‘வேண்டியதைச் செய்து உபகரிக்கவும்’. பிரிட்டிஷ்காரர் காலத்துக் கடிதங்களில் இது முழு வாக்கியம். ‘அண்ட் ஒப்ளைஜ்’ என்று எழுதி, அதன் கீழேயே ‘யுவர் ஹம்பிள் சர்வன்ட்’ என்று கையெழுத்து வரும். ‘உமது பணிவான ஊழியனுக்கு உபகாரம் செய்யும்’ என்று தொடர்ந்து படிக்க வேண்டும். கையெழுத்துதான் அந்த வினையின் செயப்படுபொருள். நம் கடையில் ‘ஒப்ளைஜ்’ முடிந்ததும் முற்றுப்புள்ளி, அடுத்த வரியில் ‘தேங்கிங் யூ’. யாருக்கு உபகாரம்? வினை அந்தரத்தில் தொங்குகிறது. உள்ளூர் அலுவலகத்தில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், பழகிய மெட்டு. வெளிநாட்டுக்குப் போகும் கடிதத்தில் வெட்டிவிடச் சொல்லுங்கள்; வேண்டியது இன்னது, இந்தத் தேதிக்குள் என்று ஒரே வரி போதும்.

சின்னதாக ஒன்று: ‘ஒப்ளைஜ்ட்’டின் கடைசி ‘ட்’ பேச்சில் கரைந்துவிடுவதால் ‘ஐ ஆம் ஒப்ளைஜ்’ என்று அடிக்கிறார்கள். உச்சரிப்பு ‘ஒப்ளிஜ்’ அல்ல, ‘ளை’யில்தான் அழுத்தம்.

ஆக, தட்டச்சுக்கு முழு மதிப்பெண், ஆங்கிலத்துக்குப் பாதி. உபகாரமா கட்டாயமா என்பதைத் தமிழில் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகவே அடிக்கிறார்கள். முதல் பிரதியில் ‘ஒப்ளைஜ்’ வரும் இடங்களை மட்டும் பேனாவால் வட்டமிட்டுப் படியுங்கள். திங்கட்கிழமை குறைதீர் நாள், மனுக் கூட்டத்தில் யாருக்கும் நிதானம் இருக்காது. ஆங்கிலக் கடிதத்துக்குப் புதன் மதியம் போவது நல்லது.