தையல் ரோபோவா, தையலே இல்லாத பின்னலா?

ஆசியாவுக்குப் போன ஆடைத் தயாரிப்பை ஆட்டோமேஷன் மூலம் சொந்த நாட்டுக்குத் திருப்ப நினைக்கும் அமெரிக்க, ஐரோப்பிய பிராண்டுகளுக்கு முன்னால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அட்லாண்டாவின் சாஃப்ட்வேர் ஆட்டோமேஷன் (SoftWear Automation) நிறுவனம் உருவாக்கிய சியூபாட் என்ற தையல் ரோபோ. இன்னொன்று, ஜப்பானின் ஷிமா செய்கி 1995இல் கொண்டுவந்த ஹோல்கார்மென்ட் பின்னல் இயந்திரம்.

துணி: இதுதான் பெரிய தலைவலி. தகடு மாதிரி துணி விறைப்பாக நிற்காது. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். சியூபாட் கேமராவால் துணியைக் கவனித்தபடி நகர்த்தித் தைக்கிறது. குளியலறைக் கால்மிதி, டி-ஷர்ட் சரி. காலர், பாக்கெட், ஜிப் என்று வந்தால் திணறல். ஹோல்கார்மென்ட்டில் இந்தப் பிரச்சினையே இல்லை: நூல் உள்ளே போகும், முழு ஸ்வெட்டர் வெளியே வரும்.

கழிவு: முதலாவதில் வெட்டுத்துண்டுகள் மிஞ்சும், இரண்டாவதில் அனேகமாக இல்லை.

வேகம்: பின்னல் மெதுவானது, ஒரு ஸ்வெட்டருக்கு அரை மணிக்கு மேலும் ஆகலாம்.

டிசைன் மாற்ற: பின்னலில் புரோகிராமை மாற்றினால் பெரும்பாலும் போதும்.

விலை: இரண்டுமே பெரிய முதலீடு கேட்பவை. அடிடாஸ் (அது ஷூ, ஆனாலும் இதே கனவு) ஜெர்மனியிலும் அட்லாண்டாவிலும் நடத்திய ஸ்பீட்ஃபேக்டரி என்ற ரோபோ ஆலைகளை மூடுவதாக 2019இல் அறிவித்தது. அந்த நுட்பம் ஆசிய சப்ளையர்களிடமே போனது.

ஒரே மாதிரி டி-ஷர்ட்டை லட்சக்கணக்கில் போடுபவருக்கு சியூபாட் பொருந்தும். ஆர்டர் வந்தபின் சிறு அளவில் பின்னித்தரும் ஸ்வெட்டர் பிராண்டுக்கு ஹோல்கார்மென்ட். என் ஓட்டும் அதற்கே. ஜீன்ஸ், ஃபார்மல் சட்டைக்காரர்கள் இப்போதைக்கு இரண்டையும் தொட வேண்டாம்.