மலைப்பாதையில் ஸ்பேசரா, அடாப்டரா?

புது அலாய் சக்கரம் வாங்கி, அது ஹப்பில் (வண்டியில் சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) சரியாக உட்காராமல் தவிக்கும் குன்னூர், கோத்தகிரி நண்பர்களுக்காக எழுதுகிறேன். ஸ்பேசர், அடாப்டர் இரண்டுமே ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே வைக்கும் உலோகத் தட்டுகள்.

வேலை:
ஸ்பேசர் – போல்ட் துளை பொருந்தும், ஆனால் சக்கரம் உள்ளே உரசுகிறது என்றால்.
அடாப்டர் – துளை வட்டமே (போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) வேறு என்றால். உதாரணம், 100 மி.மீ. ஹப்பில் 108 மி.மீ. அலாய்.

செலவு:
ஸ்பேசர் மலிவு. அடாப்டர் கூடுதல், அதில் பேரம் பேசாதீர்கள். வார்ப்பு அலுமினியம் வேண்டவே வேண்டாம், 6061 தர அலுமினியமாகக் கேளுங்கள்.

பாதுகாப்பு:
ஸ்பேசர் ஸ்டட்டின் (நட் ஏறும் மரையுள்ள தண்டு) நீளத்தைத் தின்றுவிடும். 12×1.5 ஸ்டட்டில் (12 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. மரை இடைவெளி) நட் எட்டுச் சுற்றாவது ஏற வேண்டும். ஏறாவிட்டால் நீளமான ஸ்டட் போடாமல் வண்டியை எடுக்கவே கூடாது.
அடாப்டருக்குத் தனி ஸ்டட் உண்டு. ஆனால் பெரும்பாலும் 20 மி.மீ.க்கு மேல் தடிமன் என்பதால் சக்கரம் வெளியே தள்ளும், பேரிங்குக்குச் சுமை கூடும். ஊட்டி–மசினகுடி வழியில் உள்ள கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது டயர் ஃபெண்டரில் உரசுகிறதா என்று முதலில் பாருங்கள்.

இரண்டிலும் நடுத்துளை ஹப்பைக் கச்சிதமாகப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்டியரிங் உதறும். மாட்டி 100 கி.மீ. ஓடியதும் டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) மறுபடி முறுக்குங்கள்.

5 மி.மீ. இடைவெளி போதுமா? ஸ்பேசர் போடுங்கள். துளை வட்டமே மாறுகிறதா? நல்ல அடாப்டர். தினமும் குடும்பத்தோடு மேட்டுப்பாளையம் இறங்குபவர் என்றால் இரண்டும் வேண்டாம், அந்த அலாயை மாற்றிவிட்டுப் பொருந்துவதையே வாங்குங்கள்.