காஸ் ரைஃபிளும் லேசரும் சிஸ்டம் மாறினால்: நாள்பட ஆடியபின் நிற்கும் கணக்கு

டேபிள்டாப் ரோல்-பிளேயிங் கேமில் ஒரு சிஸ்டத்தின் (விதித்தொகுப்பின்) துப்பாக்கியை இன்னொரு சிஸ்டத்துக்குக் கொண்டுபோகும்போது, பகடையைப் பார்த்துப் பகடையை மாற்றுவதுதான் பெரும்பாலான ஜி.எம்.கள் (ஆட்டத்தை நடத்துபவர்கள்) முதலில் செய்வது. மாங்கூஸ் டிராவலர் இரண்டாம் பதிப்பில் லேசர் ரைஃபிளின் டேமேஜ் 5டி, அதாவது ஐந்து ஆறுமுகப் பகடை. அதை அப்படியே சாவேஜ் வேர்ல்ட்ஸில் 5டி6 என்று போட்டால் ஒரு செஷன்கூடத் தாங்காது. அங்கே 6 விழுந்தால் மறுபடி உருட்டிக் கூட்ட வேண்டும், அதனால் சராசரி 21. சாதாரண ஆளின் டஃப்னஸ் (டேமேஜ் எட்ட வேண்டிய எண்) 5, மிச்சம் 16. நாலுக்கு ஒரு காயம் என்ற கணக்கில் நாலு காயம், ஹீரோவே ஒரே சூட்டில் காலி.

நாள்பட நிற்பது வேறு வழி. எத்தனை அடியில் ஆள் விழுகிறான் என்று எண்ணுங்கள். ஆர்மர் இல்லாத ஆளுக்கு ஒரு தடவை, ஆர்மர் போட்ட ஆளுக்கு ஒரு தடவை. இரண்டாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

டிராவலரில் லேசர் ரைஃபிளின் சராசரி 17.5. மின்காந்தத்தால் தோட்டாவைத் தள்ளும் காஸ் ரைஃபிள் 4டி, அதாவது 14, ஆனால் ஏ.பி. (ஆர்மரில் கழித்துவிடும் புள்ளி) 5. வெறும் உடம்பில் லேசர்தான் முன்னே. 8 புள்ளி கிளாத் ஆர்மர் போட்டவனை லேசர் 9.5 தாக்கும், காஸுக்கு ஆர்மர் 3 ஆகச் சுருங்குவதால் 11. வரிசை தலைகீழாகிவிட்டது. காஸ் ரைஃபிளின் குணமே இந்தத் திருப்பம்தான். மாற்றியபின் அது இல்லையென்றால் கையில் இருப்பது பெயர் மாறிய இன்னொரு துப்பாக்கி.

சாவேஜில் லேசர் ரைஃபிள் ஏற்கெனவே 3டி6, ஏ.பி. 2. காஸுக்கு 2டி8+1, ஏ.பி. 4 கொடுத்தால் சரியாக உட்காருகிறது. மறு உருட்டலையும் சேர்த்தால் லேசர் 12.6, காஸ் சுமார் 11.3. ஆர்மர் இல்லாதபோது டஃப்னஸைத் தாண்டி லேசர் 7.6, காஸ் 6.3. ஆர்மர் 4 என்றால் லேசர் 5.6, காஸ் அதே 6.3. திருப்பம் வந்துவிட்டது. டிராவலரில் எஃபெக்ட் (சுடும் உருட்டல் இலக்கைத் தாண்டிய அளவு) டேமேஜோடு கூடும், சாவேஜில் ரெய்ஸுக்கு (இலக்கை நாலு தாண்டினால்) ஒரு டி6 கூடும். இரண்டையும் கணக்கில் சேர்க்காமல் விடுங்கள். ஒரு பக்கம் மட்டும் சேர்த்தால்தான் குழப்பம்.

அடிக்கடி சறுக்குவது ஆட்டோவில், அதாவது தொடர்ந்து சுடும் திறனில். டிராவலரில் காஸ் ரைஃபிளின் ஆட்டோ 3, பர்ஸ்ட் சுட்டால் டேமேஜுக்கு +3. அந்த மூன்றை டேமேஜிலும் கூட்டி, ரேட் ஆஃப் ஃபயர் (ஒரே தடவையில் சுடும் எண்ணிக்கை) 3 என்றும் எழுதினால் ஒரே தோட்டாவுக்கு இரண்டு தடவை பலன் கிடைக்கிறது. சாவேஜுக்குப் போகும்போது ரேட் ஆஃப் ஃபயரை மட்டும் வையுங்கள்.

கர்ப்ஸ் என்ற சிஸ்டத்திலிருந்து வரும் ஆயுதங்கள் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அங்கே ஏ.பி. கழித்தல் அல்ல, வகுத்தல். வகு எண் 3 என்றால் டி.ஆர். (ஆர்மர் தடுக்கும் டேமேஜ்) 30 பத்தாகும், 12 நாலாகும், முதலாவது ஏ.பி. 20-க்குச் சமம், இரண்டாவது 8-க்கு. எல்லா ஆர்மருக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. உங்கள் கேம்பெய்னில் எதிரிகள் அதிகமாகப் போடும் ஆர்மர் எது என்று முடிவு செய்து, அந்த ஒன்றுக்கு மட்டும் சரிபார்த்துவிட்டு நகருங்கள். கர்ப்ஸில் டர்ன் ஒரு வினாடி என்பதையும் மறக்க வேண்டாம். டிராவலரில் ரவுண்டு ஆறு வினாடி. அதற்காக ரேட் ஆஃப் ஃபயரை ஆறால் பெருக்காதீர்கள்.

தூரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காஸ் ரைஃபிளின் 600 மீட்டர் எந்த மேப்பிலும் அடங்காது.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில் ஆர்மர் டேமேஜைக் குறைப்பதே இல்லை, அடி படுமா படாதா என்பதை மட்டும் ஏசி (ஆர்மர் கிளாஸ்) தீர்மானிக்கும். அங்கே ஏ.பி.யை, மீடியம் அல்லது ஹெவி ஆர்மர் போட்டவர்மேல் சுடும்போது அட்டாக் ரோலுக்கு +2 என்று மாற்றலாம். பத்து சதவீத வாய்ப்பு கூடும், போதும். உயிர்ப்பலி அளவை மட்டும் கொண்டுவரவே முடியாது. 2014 டன்ஜன் மாஸ்டர் கைடின் லேசர் ரைஃபிள் 3டி8, சராசரி 13.5. காமனருக்கு (சாதாரண ஊர்க்காரருக்கு) 4 ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி). கான்ஸ்டிடியூஷன் 14 உள்ள ஐந்தாம் லெவல் ஃபைட்டருக்கு 44. காமனரை வைத்து அளந்தால் ஃபைட்டர் சிரிப்பார், ஃபைட்டரை வைத்து அளந்தால் ஊரே சாம்பல். ஃபைட்டரை வைத்தே அளப்பது நல்லது, மேஜையில் உட்கார்ந்திருப்பவர் அவர்தான்.

அதே கைடில் ஆன்டிமேட்டர் ரைஃபிள் 6டி8, ஆனால் ஒரு எனர்ஜி செல்லுக்கு 2 சூடுதான். லேசர் ரைஃபிளுக்கு 30. டேமேஜை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த எண்ணை விட்டுவிட்டால், அடுத்த செஷனிலிருந்து பார்ட்டியில் வேறு ஆயுதத்தை யாரும் தொடமாட்டார்கள்.