19 அடி ஜெட் படகு: ஓடும்போது மட்டும் உள்ளே வரும் தண்ணீர்

சிநேகிதன் ஒருவன் போன வாரம் ஒரு விளம்பரத்தை அனுப்பியிருந்தான். "மச்சான், உன்னுடையதைப் போலவே 19 அடி, இரட்டை எஞ்சின். விலையை நன்றாகக் குறைத்திருக்கிறான், எடுக்கலாமா?" என்று கேட்டிருந்தான். வேகம், பெற்றோல் செலவு, எத்தனை பேர் ஏறலாம் என்பதெல்லாம் அந்த விளம்பரத்திலேயே இருக்கிறது. விற்பவர் யாரும் எழுதாத ஒன்று உண்டு. படகின் தரைக்குக் கீழே, எஞ்சினுக்கு அடியில், பில்ஜில் சேருகிற தண்ணீர். அதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுடையது அடியில் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி ஓடும் ஜெட் படகு. அது ட்ரெய்லரில் நிற்கிறது. ரொறன்ரோவுக்கு வடக்கே சிம்கோ ஏரியில் இறக்கி, அன்றே ஏற்றிவிடுவோம். 2022 ஜனவரியிலிருந்து ஒன்ராறியோவில் ஒரு சட்டம் உண்டு. படகைத் தரைவழியாகக் கொண்டுபோகும் முன் டிரெய்ன் பிளக்கை, அதாவது படகின் அடியில் இருக்கும் வடிகால் அடைப்பைக் கழற்றித் தண்ணீரை வடிக்க வேண்டும், ஒட்டியிருக்கும் களைகளையும் எடுத்துவிட வேண்டும். ஒரு ஏரியின் மட்டியும் களையும் அடுத்த ஏரிக்குப் போகக்கூடாது என்பதற்காக வந்தது. எனக்கு இந்தச் சட்டம் வேறு விதத்திலும் உதவியது. வாங்கிய அடுத்த கோடையில், ஏற்றும் சரிவின் ஓரத்தில் பிளக்கைக் கழற்றினால் தண்ணீர் நின்றபாடில்லை. பக்கத்தில் தங்கள் படகை ட்ரெய்லரில் கட்டிக்கொண்டிருந்தவர்கள் தங்கள் வேலையை முடித்துவிட்டுப் போன பிறகும் எங்களுடையது ஊற்றிக்கொண்டிருந்தது.

அங்கே சேரும் தண்ணீரை வெளியே இறைக்கும் பில்ஜ் பம்ப் செத்துக் கிடந்தது. திருத்தும் இடத்தில் பம்பை மாற்றித் தந்தார்கள். கொஞ்ச நாளில் அதுவும் நின்றது, மறுபடி மாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் ட்ரெய்லரில் வைத்துத் தோட்டக் குழாயைப் பொருத்தி எஞ்சினை ஓட்டிப் பார்த்துவிட்டு, "கசிவு எதுவும் இல்லை, பம்ப் நன்றாக இழுக்கிறது" என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. பார்க்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. பம்ப் இழுக்கிறதா என்று எல்லோரும் பார்த்தார்கள். இழுப்பதற்கு ஏன் தண்ணீர் இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

முதலில் பம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்த அளவுப் படகுகளில் பெரும்பாலும் மணிக்கு 500 கலன் என்று எழுதிய பம்பைத்தான் போடுகிறார்கள். லிட்டரில் சொன்னால் மணிக்கு 1,900, நிமிடத்துக்கு 31. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் தண்ணீரை மேலே தூக்காமல், குழாய் எதுவும் மாட்டாமல், எஞ்சின் ஓடும்போது பற்றரியில் இருக்கும் அளவு மின்னழுத்தத்தில் கிடைக்கும் எண் அது. படகில் பம்ப் அடியில் கிடக்கிறது, தண்ணீர் வெளியேறும் வாய் பக்கச் சுவரில் உயரத்தில் இருக்கிறது, நடுவில் உள்ளே வரிவரியாக நெளிந்த பிளாஸ்டிக் குழாய் வளைந்து வளைந்து போகிறது. வாளி வைத்து அளந்தேன். நிமிடத்துக்கு 20 லிட்டரைக்கூடத் தொடவில்லை. இதற்கு எதிராக இன்னொரு கணக்கு இருக்கிறது. நீர்மட்டத்துக்கு ஒரு அடி கீழே ஒரு அங்குல விட்டத்தில் ஒரு துளை இருந்தால் நிமிடத்துக்குச் சுமார் 45 லிட்டர் உள்ளே வரும். ஒரு குழாய் கழன்றாலே அந்தப் பம்ப் தோற்றுவிடும். பில்ஜ் பம்ப் படகைக் காப்பாற்றும் என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பம்ப்கள் அடுத்தடுத்துச் செத்ததற்குக் காரணம் பம்ப்களில் இல்லை, வயரில் இருந்தது. பம்பிலிருந்து வரும் வயரை நீட்டுவதற்குப் போட்ட இணைப்பு பில்ஜின் அடியிலேயே, தண்ணீர் தொடும் இடத்தில் கிடந்தது. வீட்டுக் கம்பிக்குப் போடுகிற சாதாரண அமுக்கு இணைப்பு. செம்பு பச்சை பிடித்து, உள்ளே பல அங்குலம் கருத்துப்போயிருந்தது. மின்சாரம் பாதி வழியிலேயே செத்துப்போக, பம்ப் மெதுவாகச் சுற்றி, சூடாகி, நின்றது. நானே வெள்ளீயம் பூசிய படகு வயரை வாங்கி, இணைப்பை எஞ்சின் அறையின் மேல்பக்கம் கொண்டுபோய், சூடு காட்டினால் சுருங்கி ஒட்டும் பசை உறையுடன் இணைத்தேன். பம்பைத் தானாக ஓடவைக்கும் வயர் ஃபியூஸ் வழியாக நேரே பற்றரிக்குப் போகிறது. பிரதான சுவிட்ச்சை அணைத்தாலும் பம்புக்கு மின்சாரம் இருக்கும். அப்புறம் வயரால் பம்ப் செத்ததே இல்லை. இவ்வளவு பெரிய விலைக்கு விற்கும் படகில் இந்த இருபது டொலர் வேலையை முதலிலேயே ஏன் செய்யவில்லை என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

சரி, தண்ணீர் எங்கிருந்து வந்தது?

துறையில் கட்டி வைத்தால் பில்ஜ் காய்ந்தே இருந்தது. மெதுவாக ஓட்டினால் ஈரம் மட்டும். வேகமாக ஓடிவிட்டு வந்தால் வாளிக்கணக்கில். இது பெரிய துப்பு. எஞ்சின் சுற்றும் தண்டு படகின் உடலைத் துளைத்து வெளியே போகும் இடத்துச் சீலோ, ஜெட்டின் வாய் உடலோடு ஒட்டியிருக்கும் பசையோ, ஸ்டீரிங் கேபிள் போகும் துளையோ நன்றாகப் பழுதாகியிருந்தால் நிற்கும்போதும் கசியத்தான் செய்யும். அவை எல்லாம் நீர்மட்டத்துக்குக் கீழேயோ அதை ஒட்டியோ இருப்பவை.

ஜெட் படகு மற்றப் படகிலிருந்து மாறுபடும் இடமும் இதுதான். வெளியே தொங்கும் எஞ்சின் ஏரித் தண்ணீரை இழுத்துத் தன்னைக் குளிரவைத்துவிட்டு வெளியிலேயே விட்டுவிடும், படகுக்குள் அந்தத் தண்ணீர் வருவதே இல்லை. எங்களுடையது போன்ற ஜெட் படகில் எஞ்சின் உள்ளே இருக்கிறது. ஜெட் பம்ப் தள்ளும் தண்ணீரில் ஒரு பங்கைக் குழாய் வழியாக உள்ளே கொண்டுவந்து எஞ்சினையும் புகைக் குழாயையும் குளிரவைத்து வெளியே விடுகிறார்கள். எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவு அழுத்தம் அந்தக் குழாய்களில் ஏறும். தோட்டக் குழாயில் ஓட்டிப் பார்க்கும்போது அந்த அழுத்தம் கிடைக்காது. திருத்தும் இடத்தில் கசிவு தெரியாததற்குக் காரணம் அதுதான். ஏரியில் பார்க்க வேண்டியதை முற்றத்தில் பார்த்துவிட்டு, காசும் வாங்கிக்கொண்டு, இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

எஞ்சின் அறைக்குள் ஒரு சின்னக் கேமராவையும் விளக்கையும் கட்டி, மூடியை மூடி, முழு வேகத்தில் ஓடினோம். மகன் பின்னால் உட்கார்ந்து நேரம் குறித்தான். கரைக்கு வந்து படத்தைப் பார்த்தபோது புகைக் குழாயின் பின்பக்கத்தில், ரப்பர் குழாயை இறுக்கும் கிளாம்பின் அடியிலிருந்து, கண்ணுக்கே தெரியாத மெல்லிய விசிறியாகத் தண்ணீர் பீறிட்டுக்கொண்டிருந்தது. வேகம் குறைந்ததும் நின்றுவிட்டது. மூடியைத் திறந்து பார்க்கும்போது எல்லா இடமும் ஈரம், எங்கும் சொட்டு இல்லை. கிளாம்ப் ஒரு பக்கம் சாய்ந்து ரப்பரை வெட்டியிருந்தது. அந்தத் துண்டுக் குழாயையும் கிளாம்புகளையும் மாற்றிய செலவு ஒரு பம்பின் விலையைவிடக் குறைவு. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதிக் காட்ட முடியாது. (இதை யாராவது செய்து பார்ப்பதானால் எஞ்சின் அறையில் சேரும் பெற்றோல் ஆவியை வெளியேற்றும் ஊதுவிசிறியை மறக்க வேண்டாம். பெற்றோல் எஞ்சின் உள்ளே இருக்கும் படகைக் கிளப்புவதற்கு முன் குறைந்தது 4 நிமிடம் அதை ஓடவிட வேண்டும் என்பது கனடாவில் சட்டம்.)

அந்தத் தண்ணீர் அப்படியே தேங்கிக் கிடந்தால் என்ன நடக்கும்? நூறு லிட்டர் என்றால் நூறு கிலோ, அதுவும் பின்பக்கத்தில். படகு முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு எழும்ப மறுக்கும். நிறுத்தினால் தண்ணீர் முன்னுக்கு ஓடி எரிபொருள் தொட்டியின் அடியில் போய் நிற்கும், பம்ப் இருக்கும் இடத்துக்கு வராது. இன்னும் மோசமானது, தண்ணீர் எஞ்சினையும் தண்டையும் இணைக்கும் கப்ளிங் வரை ஏறினால். அது சுற்றும் வேகத்தில் தண்ணீரை வாரி எஞ்சின் அறை முழுக்க அடிக்கும். காற்று இழுக்கும் வாய், வயர் இணைப்புகள், ஸ்டார்ட்டர் எல்லாம் நனையும். அதன் பிறகு வரும் பில் பல ஆயிரம் டொலர்.

இத்தனை ஆபத்து இருந்தும் ஓட்டுபவர் முன்னால் இருக்கும் திரையில் பில்ஜைப் பற்றி ஒரு சொல் இல்லை. எஞ்சின் சூடு, பற்றரி, எரிபொருள், பாட்டின் சத்தம் வரை காட்டுகிறது. பம்ப் ஓடுகிறதா, ஓடிக்கொண்டே இருக்கிறதா என்று காட்டாது. எனக்குத் தீராத ஆத்திரம் இதில்தான். தானாக ஓடும் பம்ப் ஒழுங்காக வேலை செய்யும்வரை கசிவை மறைத்துக்கொண்டே இருக்கும். நின்ற நாளில்தான் விஷயம் தெரியவரும், தெரியவரும் இடம் ஏரியின் நடுவாக இருக்கும். பம்ப் வயரிலிருந்து ஒரு சின்ன விளக்கை இழுத்து ஸ்டீரிங் பக்கத்தில் பொருத்தினேன். பம்ப் சுற்றும்போதெல்லாம் அது எரியும். பம்பின் சுவிட்ச்சைவிட ஒரு சாண் உயரத்தில் இன்னொரு மிதவை சுவிட்ச், அதற்கு ஒரு சைரன். மொத்தமும் ஒரு பிற்பகல் வேலை. இதைத் தொழிற்சாலையில் செய்ய எத்தனை டொலர் ஆகியிருக்கும்? பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும் படகு இது. பாட்டுப்பெட்டிக்குச் செலவழித்த பணத்தில் கொஞ்சத்தை இதற்குச் செலவழித்திருக்கலாம்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்கிறேன். எஞ்சின்கள் இரண்டும் இன்றுவரை ஒரு தொந்தரவும் தந்ததில்லை. படகின் உடலில் ஒரு வெடிப்பு இல்லை. அடியில் புரொப்பெல்லர் இல்லாததால், நிறுத்திவிட்டுப் பிள்ளைகள் பின்படியில் ஏறி இறங்கும்போது என் மனைவிக்கு இருக்கும் நிம்மதி வேறு எந்தப் படகிலும் வராது. சிம்கோ ஏரியின் குக்ஸ் குடாவில் தெற்குப் பக்கம் ஆழமும் குறைவு, களையும் அதிகம். களை ஜெட்டின் வாயை அடைத்தால் பின்படி மூடியைத் திறந்து கையாலேயே எடுத்துவிடலாம், தண்ணீரில் இறங்க வேண்டியதில்லை. நியூசிலாந்தில் பில் ஹாமில்டன் 1950களில் இந்த ஜெட்டை உருவாக்கியதே கல்லும் மணலுமாக ஓடும் ஆழமில்லாத ஆறுகளில் போவதற்குத்தான். 1977இல் எட்மண்ட் ஹிலாரி கங்கையின் முகத்துவாரத்திலிருந்து இமயமலைப் பக்கம் ஏறிப்போனதும் ஜெட் படகுகளில்தான். முழங்கால் ஆழத்தில், பிடித்த பிடிக்கு நின்ற இடத்திலேயே திரும்பும்போது ஹாமில்டன்மேல் எனக்கு உண்மையான மரியாதை வருகிறது.

இருந்தாலும் மச்சான், இன்றைக்கு நீ கேட்டால் என் பதில், வாங்காதே. போன வாரம்தான் குளிர்காலத்தில் உறைந்து வெடித்த பம்பின் அடித்தட்டை மாற்றிவிட்டு வந்திருக்கிறேன். தானாக ஓடும் பம்ப் கடைசி ஒரு அங்குலத் தண்ணீரை எடுக்காது, குழாயில் நிற்பதும் திரும்பி வந்துவிடும். ட்ரெய்லரின் மூக்கை நன்றாகத் தூக்கி வடித்தோம், ஸ்பொஞ்சால் துடைத்தோம், அப்படியும் பம்பின் உள்ளே நின்ற கொஞ்சம் உறைந்துவிட்டது. கைவிரல் தோல் உரிந்திருக்கும்போது இதைப் பற்றி நல்லதாகச் சொல்ல வாய் வரவில்லை. நீயே என்னுடையதை விலைக்குக் கேட்டாலும் தரமாட்டேன், அதுவும் உண்மை.

நீ எப்படியும் போய்ப் பார்ப்பாய் என்று தெரியும். அப்படியானால் ஏரியில் இறக்கிக் காட்டச் சொல். முதலில் பில்ஜைத் துடைத்து, சமையலறைக் கடதாசியை விரி. கால் மணி நேரம் சும்மா நின்று திறந்து பார். பிறகு கால் மணி நேரம் முழு வேகத்தில் ஓடித் திறந்து பார். நிற்கும்போது நனைந்தால் சீல், ஓடும்போது நனைந்தால் குளிர்விக்கும் குழாய்கள் என்று சந்தேகப்படலாம். பம்பின் வயர் எங்கே இணைகிறது என்று கையை விட்டுத் தேடு. தண்ணீர் வெளியேறும் பிளாஸ்டிக் வாய்களை விரலால் அமுக்கு, வெயிலில் காய்ந்தவை நொறுங்கும். படகில் தண்ணீர் இறைக்கும் கோப்பையோ கைப்பம்போ இருக்கிறதா என்றும் பார், இந்த அளவுப் படகில் அது இருக்க வேண்டும் என்பதும் சட்டம். ஏரிக்கு வர முடியாது, வீட்டில் குழாய் மாட்டிக் காட்டுகிறேன் என்று சொன்னால் அதையும் போய்ப் பார், ஆனால் கசிவைப் பார்க்க அல்ல. இந்த எஞ்சின்களில் முதலில் எஞ்சினைக் கிளப்பி, பிறகு தண்ணீரைத் திறக்க வேண்டும். நிறுத்தும்போது முதலில் தண்ணீரை மூடி, பிறகு எஞ்சினை நிறுத்த வேண்டும். விற்பவர் அதை மாற்றிச் செய்தால், புகைக் குழாய் வழியாக எஞ்சினுக்குள்ளேயே தண்ணீர் போயிருக்கலாம். அந்தத் தண்ணீரை எடுக்க எந்தப் பில்ஜ் பம்பும் உதவாது.