ஃபைப்ராய்டுக்கு வைட்டமின் டி போதுமா? மற்ற சிகிச்சைகளோடு ஓர் ஒப்பீடு

ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘இன்ட்ராமியூரல் ஃபைப்ராய்டு, 3.2 செ.மீ.’, அதாவது கருப்பையின் தசைச் சுவருக்குள் வளர்ந்த, புற்றுநோய் அல்லாத கட்டி என்று பார்த்ததுமே, ஆபரேஷன் இல்லாமல் கரைக்க வழி உண்டா என்றுதான் மனசு தேடும். இப்போது அதற்கு அதிகம் அடிபடும் பெயர் வைட்டமின் டி.

இந்த நம்பிக்கைக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. 2012-ல் அமெரிக்காவின் மெஹாரி மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், ஃபைப்ராய்டு உள்ள எலிகளுக்கு வைட்டமின் டி-யை 3 வாரம் செலுத்தினார்கள். செலுத்தாத எலிகளின் கட்டிகளைவிட இவற்றின் கட்டிகள் 75 சதவீதம் சிறியதாக இருந்தன. மறு வருடம் வாஷிங்டன் பகுதியில் 1,000 பெண்களுக்கு மேல் பரிசோதித்ததில், வைட்டமின் டி போதுமான அளவு உள்ளவர்களுக்கு ஃபைப்ராய்டு இருக்கும் வாய்ப்பு 32 சதவீதம் குறைவு என்று தெரிந்தது. ஆனால் அது யாருக்கும் மருந்து கொடுத்துப் பார்த்த ஆய்வு அல்ல. ஈரானில் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு சோதனையில் கட்டி கொஞ்சம் சுருங்கியது. இன்னொன்றில் சுருங்கவில்லை, வளராமல் நின்றது. இரண்டுமே சிறிய சோதனைகள், சத்துக் குறைபாடு உள்ள பெண்களிடம் நடந்தவை.

ஆக, சின்னக் கட்டி, பெரிய தொந்தரவில்லை, ரத்தத்தில் வைட்டமின் டி 20 ng/mL-க்குக் கீழே என்றால் தாராளமாக எடுக்கலாம். அளவு சரியாக இருப்பவர் கூடுதலாக விழுங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

மாதாமாதம் உதிரப்போக்கில் ஹீமோகுளோபின் 8-க்கு இறங்கியவர் நிலைமையே வேறு. டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை அந்த மாதமே போக்கைக் குறைக்கும், ஆனால் கட்டியைத் தொடாது. ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்து அடைப்பு வந்தவர்களுக்கு ஆகாது. லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் உள்ள, கருப்பைக்குள் வைக்கும் சாதனம் வருடக்கணக்கில் போக்கைக் குறைக்கும். கட்டி உள்ளறையை நெளித்திருந்தால் மட்டும் நழுவி வெளியே வரக்கூடும். உண்மையாகவே கட்டியைச் சுருக்குவது லியூப்ரோலைடு ஊசி. அதை நிறுத்தினால் கட்டி மறுபடி வளரும், எலும்பும் தேயும் என்பதால் பெரும்பாலும் ஆபரேஷனுக்கு முன் சில மாதங்களுக்குத்தான் போடுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த ஊசியோடு எலும்புக்காகக் கால்சியமும் வைட்டமின் டி-யும் எழுதித் தருவார்கள்!

குழந்தை வேண்டும் என்பவருக்குக் கட்டியை மட்டும் எடுக்கும் மயோமெக்டமி. 48 வயதில், சமாளிக்கக்கூடிய தொந்தரவோடு இருப்பவர் மாதவிடாய் நிற்கும்வரை பொறுக்கலாம். அதன்பின் கட்டி தானே சுருங்கும். கர்ப்பப்பையை எடுப்பது நிரந்தரத் தீர்வுதான், ஆனால் நம் ஊரில் அந்தப் பேச்சை ரொம்பச் சீக்கிரம் எடுத்துவிடுகிறார்கள்.

செலவிலும் பக்கவிளைவிலும் வைட்டமின் டி-யே மேல், ஒரு நிபந்தனையோடு. மெடிக்கலில் கிடைக்கும் 60,000 யூனிட் பாக்கெட் வாரத்துக்கு ஒன்று. தினமும் பாலில் கலக்கிக் குடித்தால் 10 நாளில் 6 லட்சம் யூனிட். ரத்தத்தில் கால்சியம் எகிறி வாந்தி, மலச்சிக்கல் என்று தொடங்கி சிறுநீரகம் வரை பாதிக்கும்.

வைட்டமின் டி எடுப்பவர்களுக்கு 3 மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை, 6 மாதத்தில் ஸ்கேன். ஸ்கேனை முன்பு எடுத்த இடத்திலேயே எடுங்கள். அளப்பவர் மாறினாலே சில மில்லிமீட்டர் கூடிக் குறையும். அதை மருந்தின் பலன் என்று எண்ணிவிட வேண்டாம்.