"பக்கத்துப் பக்கத்து ரூம்தான் சார்": கைக்குழந்தையோடு குரூஸ் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

லீவுக்குச் சிங்கப்பூர் போய், அங்கிருந்து பினாங்கு, புக்கெட் பக்கம் மூன்று நான்கு இரவு குரூஸ் என்று பேக்கேஜ் எடுத்திருக்கிறீர்களா? மீதிப் பணத்தை அனுப்புவதற்கு முன்னால் கையில் கேபின் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். ஏஜென்ட் தன் லோகோ போட்டு அனுப்பிய பி.டி.எஃப்., வாட்ஸப்பில் வந்த அழகான அறைப் படம், "கன்ஃபர்ம் ஆயிடுச்சு சார்" என்ற வாய்ஸ் மெசேஜ், இதெல்லாம் கேபின் நம்பருக்கு ஈடாகாது.

சென்னைக் குடும்பம் ஒன்றுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அப்பா, அம்மா, நாலு வயதுப் பெண், பத்து மாதக் கைக்குழந்தை, தாத்தா, பாட்டி என ஆறு பேர். ஏஜென்ட் சொன்னது இது: "ரெண்டு பால்கனி ரூம் சார். பக்கத்துப் பக்கத்துலதான். நடுவுல கதவு இருக்கும், பெரிய பாப்பா பாட்டிகூட தூங்கிக்கலாம்." மொத்தப் பணமும் கட்டியாகிவிட்டது. மரீனா பே குரூஸ் சென்டரில் வரிசையில் நின்று உள்ளே போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள் நாலு பேருக்கும் ஆறாம் தளத்தின் முன்கோடியில் ஜன்னலே இல்லாத ஒரு கேபின். பெரியவர்களுக்குப் பதினோராம் தளத்தின் பின்கோடியில் ஒன்று. அதுவும் "வர்ச்சுவல் பால்கனி". அதாவது சுவரில் ஒரு பெரிய திரை, அதில் கேமரா வழியாகக் கடல் தெரியும். நடுவில் கதவும் இல்லை, பக்கத்து அறையும் இல்லை. போன் போட்டால், "கப்பல் கம்பெனிதான் மாத்திடுச்சு சார், எங்க கையில எதுவும் இல்ல" என்று பதில்.

கப்பல் கம்பெனி எதையும் மாற்றவில்லை. வரவேற்புக் கவுண்டரில் பார்த்துச் சொன்னார்கள், இரண்டுமே கேரண்டி புக்கிங். ஏஜென்ட் எதை வாங்கினாரோ அதுதான் கிடைத்திருக்கிறது. பள்ளி விடுமுறைப் பயணம், கப்பல் முழுக்க ஆள், மாற்றித் தர ஒரு கேபினும் காலி இல்லை.

இந்த "கேரண்டி" என்பதுதான் இந்தத் தொழிலில் குடும்பங்களை அதிகம் ஏமாற்றும் சொல் என்பேன். கேட்டால் உறுதி கொடுப்பது மாதிரி இருக்கும். உண்மையில் அதில் உறுதியாவது, நீங்கள் வாங்கிய வகையிலோ அதற்கு மேலோ ஏதாவது ஒரு கேபின் உண்டு என்பது மட்டும்தான். எந்தத் தளம், முன்பக்கமா பின்பக்கமா, எந்த நம்பர் என்பதைக் கப்பல் கம்பெனி தன் வசதிப்படி, விற்காமல் மிஞ்சியதைப் பார்த்துக் கடைசி நேரத்தில் ஒதுக்கும். சில சமயம் கிளம்புவதற்குச் சில நாள் முன்பு நம்பர் வரும், சில சமயம் அன்றைக்குத்தான். வந்த பிறகு "இது வேண்டாம்" என்று சொல்ல முடியாது. ஒரே குடும்பத்துக்கு இரண்டு கேரண்டி எடுத்தால் இரண்டும் அருகருகே வரும் என்பதற்கு எந்த ஏற்பாடும் கிடையாது. நண்பர்கள் இருவர் போவதற்கு இது நல்ல மலிவு வழி. கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஆகவே ஆகாது.

ஏஜென்ட்டுகள் ஏன் இதைத் தள்ளிவிடுகிறார்கள் என்றால், நம்பர் தேர்ந்தெடுத்த கேபினை விட இது விலை குறைவு. உங்களிடம் நம்பர் எடுத்த விலையை வாங்கிக்கொண்டு கேரண்டி போட்டால் வித்தியாசம் அவர் பைக்குப் போகும். இன்னொரு கணக்கும் இருக்கிறது. கப்பல் கட்டணம் ஆளுக்கு இவ்வளவு என்று சொல்லப்பட்டாலும், ஒரு கேபினின் முதல் இரண்டு பேருக்கு முழுக் கட்டணம், மூன்றாவது நான்காவது ஆளுக்குப் பெரும்பாலும் குறைந்த கட்டணம். புரிவதற்காக ஒரு எண் வைத்துக்கொள்வோம். முதல் இருவருக்குத் தலைக்கு 30,000, அடுத்தவர்களுக்கு 12,000. நாலு பேர் ஒரே கேபினில் என்றால் 84,000. அதே நாலு பேர் இரண்டு கேபினில், இரண்டிரண்டு பேராக என்றால் 1,20,000. குழந்தையாக இருந்தாலும் கேபினின் இரண்டாவது ஆள் முழுக் கட்டணம்தான். இரண்டு கேபின் விலையைச் சொல்லிப் பணம் வாங்கி, ஒரே கேபினில் நாலு பேரை அடைத்தால் 36,000 மிச்சம். ஆகவே மொத்தத் தொகையை மட்டும் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு கேபினிலும் யார் யார் பெயர், யாருக்கு எவ்வளவு, துறைமுக வரி எவ்வளவு, கப்பலில் தினமும் தலைக்கு எடுக்கும் டிப்ஸ் சேர்ந்ததா இல்லையா என்று பிரித்து எழுதி வாங்குங்கள். டிசிஎஸ் (வெளிநாட்டுப் பேக்கேஜுக்கு ஏஜென்ட் வசூலித்து அரசுக்குக் கட்ட வேண்டிய வருமான வரி) என்று ஒரு தொகை பிடித்திருந்தால் அது பின்னால் உங்கள் வருமான வரிக் கணக்கில் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் ஏஜென்ட்டிடம் விளக்கம் கேளுங்கள்.

அடுத்தது அந்த நடுக்கதவு. "பக்கத்து ரூம்" என்றால் நடைவழியில் அடுத்தடுத்த கதவு, அவ்வளவுதான். உள்ளேயே கதவு வேண்டும் என்றால் "கனெக்டிங்" என்று கேட்க வேண்டும். எல்லாத் தளத்திலும் அது இருக்காது, சில ஜோடிக் கேபின்களில் மட்டும்தான். எவை எவை என்பது கப்பலின் டெக் பிளானில் (தள வரைபடத்தில்) இரண்டு நம்பருக்கு நடுவே ஒரு குறியாகப் போட்டிருக்கும், குறியின் விளக்கம் அந்தப் பக்கத்தின் அடியில் இருக்கும். கப்பல் கம்பெனியின் வெப்சைட்டில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். விடுமுறைக் காலத்தில் முதலில் தீர்வதும் இந்த ஜோடிகள்தான். "ரிக்வெஸ்ட் போட்டிருக்கேன் சார்" என்றால் இன்னும் கிடைக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நுணுக்கம்: சில கப்பல்களில் கதவு இருக்கும் இடத்தில் சோஃபா போட முடியாது என்பதால், ஜோடியில் ஒரு கேபினில் மூன்றாவது படுக்கை இருக்காது. ஆள் கணக்கு உட்காருகிறதா என்று ஒவ்வொரு நம்பருக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். கனெக்டிங் கேபின் ஒன்று மட்டும் தெரியாமல் உங்கள் தலையில் விழுந்தால் அதுவும் தொல்லைதான், அந்தக் கதவு வழியாக அடுத்த அறைச் சத்தம் நன்றாக வரும்.

அந்தக் குடும்பத்துக்குச் சரியான ஏற்பாடு என்னவாக இருந்திருக்கும்? ஒரு கனெக்டிங் ஜோடி. ஒன்றில் அப்பா, அம்மா, கைக்குழந்தை. மற்றதில் தாத்தா, பாட்டி, பெரிய பெண். ஒவ்வொரு கேபினிலும் பெரியவர் ஒருவர் பெயர் இருந்தே ஆக வேண்டும் என்பது கம்பெனிகளின் விதி, அது இதில் நிறைவேறிவிடும். கனெக்டிங் கிடைக்காவிட்டால் நேர் எதிரெதிர்க் கேபின் அடுத்த நல்ல வழி. யார் எங்கே தூங்கினாலும், ஆபத்து நேரத்தில் கூட வேண்டிய இடம் புக்கிங்கில் இருக்கும் கேபினை வைத்துத்தான் ஒதுக்கப்படுகிறது. ஒரு கேபின் முன்கோடியிலும் ஒன்று பின்கோடியிலும் இருந்தால் குடும்பம் இரண்டு வெவ்வேறு இடத்தில் போய் நிற்கும். 2012-ல் கோஸ்டா கான்கார்டியா என்ற குரூஸ் கப்பல் கவிழ்ந்த பிறகு, 2015 முதல் கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ ஆபத்து நேரப் பயிற்சி கட்டாயம். அப்போதே உங்கள் இடம் ஒன்றுதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிறு குழந்தைகளுக்கான லைஃப் ஜாக்கெட்டையும் அங்கேயே கேளுங்கள்.

பால்கனி என்ற சொல்லிலும் நிறைய ஒளிந்திருக்கிறது. வர்ச்சுவல் பால்கனி என்பது உள்ளறைதான், 2014 முதல் சில கப்பல்களில் வந்தது. ஓயாசிஸ் வகைப் பெரிய கப்பல்களில் சில நிஜ பால்கனிகளே கடலைப் பார்க்காமல் கப்பலின் நடு முற்றத்தைப் பார்த்தபடி இருக்கும். "அப்ஸ்ட்ரக்டட்" (பார்வை மறைபட்டது) என்று போட்டிருந்தால் ஜன்னலுக்கு வெளியே பெரும்பாலும் உயிர்காப்புப் படகு தொங்கும். இவை எதுவும் மோசடி அல்ல, அந்தந்த விலைக்கு அததற்குப் பயன் உண்டு. கடல் பார்த்த பால்கனி விலையை வாங்கிக்கொண்டு இதைக் கொடுப்பதுதான் மோசடி. சொல்லப்போனால், நடக்கப் பழகும் குழந்தை இருந்தால் பால்கனியே தேவையா என்று ஒரு தரம் யோசியுங்கள். எடுத்தால் கதவின் மேல் கொக்கியை எப்போதும் போட்டு வையுங்கள், நாற்காலியைக் கம்பி ஓரம் விடாதீர்கள்.

"நாலு பேர் தாராளமா படுக்கலாம்" என்பதைப் பற்றி. மூன்றாவது நான்காவது படுக்கை என்பது பல கேபின்களில் சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறக்கும் மேல்பெர்த், ரயிலில் இருப்பது போலத்தான். ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை மேலே படுக்க வைக்கக் கூடாது. கப்பல் ஆடும், ஏணியில் இரவில் இறங்குவது ஆபத்து. மேலே சொன்ன நாலு பேர் கேபினில் மூன்றாவது, நான்காவது படுக்கை இரண்டுமே மேல்பெர்த். கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு அது படுக்கையே இல்லை. சோஃபா பெட்டா, மேல்பெர்த்தா என்று நம்பரைச் சொல்லிக் கேளுங்கள். கைக்குழந்தைக்கு மடக்குத் தொட்டில் கப்பலிலேயே தருவார்கள். ஆனால் எண்ணிக்கை குறைவு, புக்கிங்கிலேயே பதிவு செய்ய வேண்டும். அதை விரித்தால் ஏறக்குறைய ஒரு மீட்டருக்கு எழுபது சென்டிமீட்டர் இடம் பிடிக்கும். சாதாரண உள்ளறை 15 சதுர மீட்டர் அளவுதான். சோஃபாவையும் விரித்துத் தொட்டிலையும் போட்டால் பாத்ரூமுக்குப் போக வழி இருக்காது. பெரும்பாலான கேபின்களில் ஷவர் மட்டும்தான். வாளி, மக் எதுவும் கிடையாது, குளிப்பாட்ட ஒரு காற்றடைக்கும் தொட்டி கொண்டுபோவது நல்லது. மின்சாரக் கெட்டில், குட்டி ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி எல்லாம் ஸ்கேனிங்கில் எடுத்து வைத்துக்கொள்வார்கள், தீ பயம். பாலுக்கு வெந்நீர் உணவுக்கூடத்திலிருந்துதான் வர வேண்டும். ஆகவே எந்த லிஃப்ட்டுக்கு அருகே கேபின் என்பது இரவு இரண்டு மணிக்குத் தெரியும்.

கைக்குழந்தையும் ஓர் ஆளாகவே கணக்கு. மூன்று பேர் கேபினில் நாலாவதாக "மடியில் வெச்சுக்கலாம்" என்பது விமானத்தில் நடக்கும், கப்பலில் நடக்காது. கேபினில் படுக்கை இருந்தாலும், அந்தப் பகுதிக்கு ஒதுக்கிய உயிர்காப்புப் படகில் இடம் தீர்ந்துவிட்டால் மூன்றாவது ஆளையே சேர்க்க விடமாட்டார்கள். "முதல்ல ரெண்டு பேருக்குப் போட்டுடலாம், குழந்தை பேரை அப்புறம் சேர்த்துக்கலாம்" என்று ஏஜென்ட் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பின்னால் சேர்க்க இடம் இருக்காது. வயதும் அப்படித்தான். பல கம்பெனிகளில் கப்பல் ஏறும் நாளன்று ஆறு மாதம் முடிந்திருக்க வேண்டும், நாள்கணக்காக நடுக்கடலிலேயே போகும் நீண்ட பயணம் என்றால் ஒரு வயது. பாஸ்போர்ட்டில் பிறந்த தேதி இருக்கிறது, யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். டயப்பர் போடும் குழந்தையைப் பெரும்பாலான கப்பல்களில் நீச்சல் குளத்தில் இறக்க விடமாட்டார்கள். குழந்தைகள் கிளப்பும் பெரும்பாலும் மூன்று வயது முடிந்து, டாய்லெட் பழகியவர்களுக்குத்தான். "குழந்தைய விட்டுட்டு ஷோ பாக்கலாம்" என்ற விளம்பரத்தைப் பத்து மாதக் குழந்தைக்கு நம்ப வேண்டாம்.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாக: நடுக்கப்பல், கீழ்த்தளம் என்றால் ஆட்டம் குறைவு. உங்கள் கேபினுக்கு மேல்தளத்திலும் கீழ்த்தளத்திலும் கேபின்களே இருக்க வேண்டும். மேலே நீச்சல் குளத் தளம் என்றால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம், கீழே தியேட்டரோ பாரோ என்றால் நள்ளிரவு வரை பாட்டு. முன்கோடிக் கீழ்த்தளத்தில் நங்கூரச் சங்கிலியும், துறைமுகத்தில் கப்பலைத் திருப்பும் மோட்டாரும் குழந்தையை எழுப்பிவிடும்.

இனி சரிபார்க்கும் முறை. முன்பணம் கட்டியதும் கப்பல் கம்பெனியின் புக்கிங் நம்பரைக் கேளுங்கள், ஏஜென்ட்டின் ரசீது நம்பரை அல்ல. கம்பெனியின் ஆப்பில் அல்லது வெப்சைட்டில் அந்த நம்பர், பயணியின் குடும்பப் பெயர், புறப்படும் தேதி மூன்றையும் போட்டால் உங்கள் புக்கிங் திறக்கும். கேபின் வகை, நம்பர், பெயர்கள் அங்கே தெரியும். நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் ஜிடிஒய் (GTY) என்றோ வெறுமையாகவோ இருந்தால் அது கேரண்டி. திறக்கவே இல்லை என்றால், ஏஜென்ட் குரூப் பிளாக்கில் (மொத்தமாகப் பிடித்து வைத்த கேபின்களில்) பெயரில்லாமல் வைத்திருக்கலாம், அல்லது இன்னும் புக் செய்யவே இல்லாமல் இருக்கலாம். பிளாக்கில் இருந்தால் உங்கள் பெயருக்கு மாறும் வரை மேற்கொண்டு பணம் தர வேண்டாம். கப்பல் கம்பெனிக்கு முழுப்பணம் போய்ச் சேர வேண்டிய கடைசித் தேதி ஒன்று உண்டு, பெரும்பாலும் கிளம்புவதற்கு 75 முதல் 90 நாள் முன்பு. உங்களிடம் முழுதாக வாங்கிவிட்டு அங்கே முன்பணம் மட்டும் கட்டியிருப்பார் சிலர், தேதி தாண்டினால் புக்கிங் ரத்தாகும். அந்தத் தேதிக்கு இரண்டு நாள் முன்பும், மறுநாளும் ஆப்பைத் திறந்து பாருங்கள். இரண்டு கேபின் என்றால் இரண்டு புக்கிங் நம்பரையும் இணைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சாப்பாட்டு மேசைகூடத் தனித்தனியாக விழலாம். அப்கிரேடு ஏலம் (கூடுதல் விலை சொல்லி உயர்வகைக் கேபின் கேட்பது) என்று மெயில் வந்தால் ஒரு கேபினுக்கு மட்டும் விலை கேட்காதீர்கள். ஜெயித்தால் ஜோடி பிரிந்துவிடும். இலவச அப்கிரேடும் வேண்டாம் என்று புக்கிங்கிலேயே குறித்து வைக்கச் சொல்லலாம்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள், கப்பலில் ஏறிய உடனே வரவேற்புக் கவுண்டருக்குப் போங்கள். கடைசி நேரத்தில் வராதவர்கள் கேபின் காலியாக வாய்ப்பு உண்டு, கப்பல் கிளம்பிய பிறகு ஒரு முறை மீண்டும் கேளுங்கள். இடம் மாறாவிட்டாலும் இரண்டு அறைக்கும் கூடுதல் சாவி அட்டை கேட்டு வாங்கலாம். இரண்டு கேபின் கதவு நம்பரோடும், மேல்பெர்த்தோடும் படம் எடுத்து வையுங்கள். புக்கிங் கேரண்டி என்பதைக் கவுண்டரிலேயே எழுத்தில் கேளுங்கள். "கம்பெனி மாத்திடுச்சு" என்ற பதிலை உடைப்பது அந்த ஒரு தாள்தான். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் உடனே தகராறு பதிவு செய்யுங்கள். இந்தியாவில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் கொடுக்கலாம். தீராவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், ஏஜென்ட் எந்த ஊரில் இருந்தாலும் சரி. கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, கெடு இரண்டு வருடம். சிங்கப்பூரில் வாங்கியவர்களுக்கு, ஏஜென்ட்டுக்குச் சுற்றுலா வாரியத்தின் உரிமம் இருக்கிறதா என்று பார்க்க முடியும். 20,000 வெள்ளி வரை சிறு கோரிக்கைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், அங்கேயும் கெடு இரண்டு வருடம்தான்.